எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒரே நாளில் தலைகீழாக மாறினால் என்ன செய்வது?

அடுத்த வெர்ஷனில் டைம்லைனே (ஷாட்களை வரிசையாக அடுக்கும் இடம்) வேறு மாதிரி இருக்கும், பழைய புராஜெக்ட் திறக்குமா என்பது சந்தேகம் என்று ஒரு செய்தி வந்தால், நம் ஆட்களில் பாதிப் பேர் அன்றிரவே அப்டேட் பட்டனை அழுத்திவிடுவார்கள். மீதிப் பேர் யூடியூபில் நாலு பேர் திட்டுவதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். இரண்டு கூட்டமும் ஒரே காரியத்தைத்தான் விட்டுவிடுகிறது. நம் வேலை எங்கிருந்து உள்ளே வருகிறது, முடிந்த பிறகு யார் கைக்குப் போகிறது, அந்த இரண்டு முனையும் புது வெர்ஷனில் வேலை செய்கிறதா? டைம்லைன் அழகாக இருக்கிறதா, அசிங்கமாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இதைக் கற்றுக்கொள்ள, ஃபைனல் கட் 7 என்ற தன் எடிட்டிங் சாஃப்ட்வேருக்குப் பதிலாக ஆப்பிள் ஃபைனல் கட் புரோ எக்ஸைக் கொண்டுவந்த கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2011 ஏப்ரலில் லாஸ் வேகஸில் என்ஏபி என்ற ஒளிபரப்புத் துறைக் கண்காட்சியை ஒட்டி நடந்த எடிட்டர்கள் கூட்டத்தில் ஆப்பிள் அதைக் காட்டியபோது அரங்கில் கைதட்டல் பறந்தது. 64 பிட், பின்னணியில் தானாகவே ரெண்டர், மவுஸை மேலே நகர்த்தினாலே ஓடிக் காட்டும் கிளிப் என்று எல்லாமே பார்க்க ஜோராக இருந்தன. ஜூன் 21 அன்று மேக் ஆப் ஸ்டோரில் 300 டாலருக்கு வந்தது. பழைய ஃபைனல் கட் ஸ்டூடியோ மொத்தமாக 999 டாலர், எனவே விலையைப் பார்த்து யாரும் கோபப்படவில்லை. திறந்து பார்த்தபிறகுதான் கொதித்தார்கள். ஃபைனல் கட் 7 புராஜெக்ட் எதுவும் திறக்கவில்லை. ஐமூவி புராஜெக்ட் திறந்தது, அதனாலேயே 'ஐமூவி புரோ' என்ற கிண்டல் பெயர் ஒட்டிக்கொண்டது. மல்டிகேம், அதாவது பல கேமராவில் எடுத்ததை ஒன்றாக வைத்து வெட்டும் வசதி, இல்லை. எடிட்டை வேறு சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோகும் எக்ஸ்எம்எல், இடிஎல், ஆடியோவைக் கொண்டுபோகும் ஓஎம்எஃப் எதுவும் வெளியே எடுக்க முடியவில்லை. பிராட்காஸ்ட் மானிட்டருக்கு முறையான அவுட்புட் இல்லை. டேப்பில் மாஸ்டர் (இறுதிப் பிரதி) இறக்க வழியில்லை. இதற்கெல்லாம் மேலே, அதே நாளில் ஃபைனல் கட் ஸ்டூடியோ, ஃபைனல் கட் எக்ஸ்பிரஸ், ஃபைனல் கட் சர்வர் மூன்றின் விற்பனையையும் நிறுத்திவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். சிலருக்கு ஆப் ஸ்டோர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்க டிவி காமெடியன் கோனன் ஓ'பிரையனின் டாக் ஷோவில் அந்த நிகழ்ச்சியின் எடிட்டர்களே நடித்து ஒரு கேலி வீடியோ போட்டார்கள். ஒரு எடிட்டிங் சாஃப்ட்வேர் ராத்திரி டிவி காமெடிக்கு விஷயமானது அநேகமாக அதுதான் முதல் தடவை.

அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வந்தால், அல்லது ஏற்கெனவே வந்திருந்தால், செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

பழையதில் கை வைக்காதீர்கள்

புது வெர்ஷனைப் பழையதன் மேலேயே ஏற்றுவதுதான் வழக்கமான விபத்து. 2011இல் ஆப்பிளே தன் உதவிக் குறிப்பில் எக்ஸ்-ஐத் தனி பார்ட்டிஷனில் போடச் சொன்னது. இன்றைக்கும் அதுதான் பாதுகாப்பு. தனி டிஸ்க், முடியாவிட்டால் தனி பார்ட்டிஷன், அதுவும் முடியாவிட்டால் வேறொரு பழைய மெஷின். அடோபியின் பிரீமியரில் பழைய வெர்ஷனை வைத்துக்கொண்டே புதியதை இன்ஸ்டால் செய்யலாம். ஆனால் அதை இறக்கித் தரும் கிரியேட்டிவ் கிளவுட் ஆப் அப்டேட் செய்யும்போது பழையதை நீக்கவா என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். ஆட்டோ அப்டேட் ஆனாக இருந்தால் இப்போதே ஆஃப் செய்யுங்கள். ஓஎஸ் அப்டேட்டும் சேர்த்துத்தான்.

புராஜெக்ட் ஃபைலும் அப்படித்தான். பிரீமியரில் புது வெர்ஷனில் ஒருமுறை திறந்து சேவ் செய்த புராஜெக்ட்டைப் பழைய வெர்ஷன் பெரும்பாலும் திறக்காது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில், புராஜெக்ட்கள் எல்லாம் இருக்கும் டேட்டாபேஸை அப்கிரேட் செய்துவிட்டால் பழைய ரிசால்வ் அதைத் தொடாது. ஃபைனல் கட்டிலும் 2013 டிசம்பரில் 10.1 வந்தபோது ஈவென்ட், புராஜெக்ட் என்று தனித்தனியாக இருந்ததெல்லாம் லைப்ரரியாக மாறியது, மாறியது மாறியதுதான். எனவே முதலில் காப்பி, அப்புறம் ஓபன். ரிசால்வ் என்றால் டேட்டாபேஸ் பேக்கப் எடுத்துவிட்டு, முக்கியமான புராஜெக்ட்களைத் தனித்தனியாகவும் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பி மட்டும் எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். புராஜெக்ட் ஃபைல் என்பது அந்தச் சாஃப்ட்வேர் இருக்கும்வரைதான் ஃபைல். அது போய்விட்டால் உங்கள் கட் எல்லாம் உள்ளே பூட்டிக் கிடக்கும். பழைய வெர்ஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு முக்கிய வேலையையும் திறந்து, வேறு சாஃப்ட்வேரும் படிக்கக்கூடிய வடிவத்தில் இறக்கிவிடுங்கள். எக்ஸ்எம்எல் ஒன்று. இடிஎல் ஒன்று, அதில் ஒரு வீடியோ டிராக் மட்டும்தான் போகும் என்பதால் டிராக்குக்கு ஒன்றாக எடுக்கவேண்டும். ஆடியோவுக்கு ஏஏஎஃப் (ஓஎம்எஃப் போன்ற இன்னொரு வடிவம்), ஒவ்வொரு கிளிப்புக்கும் முன்னும் பின்னும் இரண்டு செகண்டாவது ஹேண்டில், அதாவது வெட்டியதற்கு அப்பால் உள்ள மிச்சம், விட்டு. டைட்டில் இல்லாத மாஸ்டர், டைட்டிலோடு மாஸ்டர், இரண்டும் தரம் அதிகம் குறையாத புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் வடிவத்தில். வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றும் தனித்தனி வேவ் ஃபைலாக. கடைசியாக, டைம்கோட் படத்தின் மேலேயே ஓடும்படி எரித்த ஒரு சின்ன ரெஃபரன்ஸ் வீடியோ. இந்தக் கடைசி ஐட்டத்தை யாரும் எடுப்பதில்லை. நாளைக்கு எல்லாம் கைவிட்டாலும் அதைப் பார்த்து கையாலேயே எடிட்டை மீண்டும் கட்டிவிடலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எக்ஸ்எம்எல்லில் போகாதவை நிறைய உண்டு. மூன்றாம் ஆள் பிளக்-இன், கலர் கரெக்‌ஷன், ஸ்பீடு ராம்ப் (ஷாட்டின் வேகத்தைப் படிப்படியாக மாற்றுவது), டைட்டில் இவற்றில் பாதி போகாது, போனாலும் கோணலாகப் போகும். எனவே எந்தப் பிளக்-இன், எந்த வெர்ஷன், என்ன அளவு என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். எல்யுடி (கலர் மாற்றும்) ஃபைல்களையும் பிளக்-இன் இன்ஸ்டாலர்களையும் சீரியல் நம்பர்களையும் கூட. அலுப்பான வேலைதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

மற்றவர்கள் திட்டுவதை எப்படிப் படிப்பது

ஒரு பெரிய மாற்றம் வந்தால் எதிர்வினைகள் கொட்டும். அவற்றைத் தூக்கிப் போடவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம், பிரித்துப் படியுங்கள். 2011இல் வந்த புகார்களை இப்போது எடுத்துப் பார்த்தால் அவை மூன்று வகைதான்.

ஒரு வகை, 'என்னால் வேலையை ஒப்படைக்க முடியவில்லை' என்பது. ஃபைனல் கட் 7இல் ஒரு எடிட்டர் எப்படி வேலை செய்தார் என்று பாருங்கள். முதல் இரண்டு ஆடியோ டிராக்கில் வசனம், அடுத்ததில் எஃபெக்ட்ஸ், கீழே இசை. கட் முடிந்ததும் ஓஎம்எஃப் ஒன்றை எடுத்து சவுண்ட் ஸ்டூடியோவுக்கு அனுப்புவார், அங்கே புரோ டூல்ஸ் என்ற ஆடியோ சாஃப்ட்வேரில் அதே வரிசையில் டிராக்குகள் திறக்கும். மிக்ஸர், அதாவது ஒலியை மிக்ஸ் செய்பவர், எதையும் தேட வேண்டாம். எக்ஸில் டிராக்கே கிடையாது, ஓஎம்எஃப்பும் கிடையாது. ஆட்டோமேட்டிக் டக் என்ற சின்ன கம்பெனியின் பிளக்-இன் மட்டும் ஓஎம்எஃப், ஏஏஎஃப் எடுத்துக் கொடுத்தது, விலை 495 டாலர். அதாவது 300 டாலர் சாஃப்ட்வேரிலிருந்து ஆடியோவை வெளியே எடுக்க 495 டாலர்! இந்த வகைப் புகாரை ஒருவர் சொன்னாலும் நின்று கேளுங்கள், ஏனென்றால் இது ருசி சம்பந்தப்பட்டது அல்ல. உங்கள் வேலையில் சவுண்ட் வேறு ஆளிடம் போகிறதென்றால் அது உங்கள் பிரச்சினையும்தான். நீங்களே எடிட் செய்து நீங்களே மிக்ஸ் செய்து யூடியூபில் ஏற்றுகிறவர் என்றால் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

இரண்டாவது வகை, 'எனக்குப் பழக்கமில்லை' என்பது. எக்ஸில் வந்த மேக்னெட்டிக் டைம்லைன் (காலி இடம் விடாமல் கிளிப்கள் தானாக ஒட்டிக்கொள்வது) மேல் வந்த வசவுகளில் பெரும்பகுதி இதுதான் என்பது என் கணிப்பு. ஆட்கள் பத்து வருஷமாகக் கையில் ஏற்றிவைத்த பழக்கத்தை ஒரு கம்பெனி ஒரே நாளில் செல்லாக்காசாக்கினால் எரிச்சல் வரத்தான் செய்யும், அந்த எரிச்சல் நியாயம்தான். ஆனால் அதை வைத்து சாஃப்ட்வேரை எடைபோட முடியாது. இந்த வகைப் பேச்சு பொதுவாக மூன்று மாதத்தில் அடங்கிவிடும்.

மூன்றாவது வகைதான் ஆழமானது, அதைத்தான் பலர் வெறும் கோபம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 'இந்தக் கம்பெனியை இனி நம்பலாமா?' என்ற கேள்வி. நடுவழியில் ஒரு சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் இரண்டு சிஸ்டம் போட வேண்டும், பழைய வெர்ஷனைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது என்றால் அந்த ஸ்டூடியோ முதலாளி என்ன செய்வார்? அதே வருஷம் செப்டம்பரில் போன் மூலம் ஆர்டர் கொடுக்கும் பெரிய வாடிக்கையாளர்களுக்கு ஆப்பிள் சத்தமில்லாமல் மறுபடி பழையதை விற்க ஆரம்பித்தது. அதை ஜூனிலேயே செய்திருந்தால் பாதி ரகளை நடந்திருக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால் இதற்கு ஒரு முன்கதை இருந்தது. 2007இல் ஐமூவி '08 என்று முழுக்க மாற்றி எழுதிய ஐமூவியை வெளியிட்டார்கள். டைம்லைனைக் காணோம் என்று ஜனங்கள் கத்தியதும், பழைய ஐமூவி ஹெச்டி 6-ஐ இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளக் கொடுத்தார்கள். அந்த ஐமூவியின் பின்னால் இருந்தவர் ராண்டி யுபிலோஸ். எக்ஸின் பின்னால் இருந்தவரும் அவரே. அதற்கு முன்னால் அடோபி பிரீமியரின் ஆரம்ப வெர்ஷன்களையும், முதல் ஃபைனல் கட்டையும் உருவாக்கியவரும் அவரேதான். எனவே 'எடிட்டிங் தெரியாதவர்கள் எழுதிய சாஃப்ட்வேர்' என்று அப்போது ஓடிய பேச்சு சுத்த அபத்தம். ஒரு கம்பெனி எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டுமானால் விளம்பரத்தைப் படிக்காதீர்கள், போனமுறை அது என்ன செய்தது என்று பாருங்கள்.

முடிந்த வேலையை வைத்துச் சோதியுங்கள்

கம்பெனி தரும் சாம்பிள் ஃபுட்டேஜில் எல்லா சாஃப்ட்வேரும் அருமையாகத்தான் ஓடும். நீங்கள் ஏற்கெனவே டெலிவரி கொடுத்து, காசும் வாங்கிவிட்ட ஒரு வேலையை எடுங்கள். மூன்று நான்கு நிமிஷம் போதும், ஆனால் அதில் உங்கள் தொழிலின் கஷ்டமெல்லாம் இருக்க வேண்டும். 25 ஃப்ரேமில் எடுத்ததும் 50 ஃப்ரேமில் எடுத்ததும் கலந்தது, மூன்று கேமரா மல்டிகேம், தனியாக ரெக்கார்டரில் எடுத்த ஆடியோ, ஒரு ஸ்பீடு ராம்ப், நாலு வரித் தமிழ் டைட்டில், இப்படி. மாப்பிள்ளை அழைப்புப் பாட்டு ஒன்று எடுத்தாலே இத்தனையும் உள்ளே இருக்கும்.

அதைப் புது வெர்ஷனில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கொண்டுபோங்கள். முதலில் பழைய புராஜெக்ட்டை நேரடியாகத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் எக்ஸ்எம்எல் வழியாக. 2011இல் அதுவும் இல்லாமல் போய், 2012 ஆரம்பத்தில் 7டூஎக்ஸ் என்ற வெளியாள் மென்பொருள் வந்தபிறகுதான் பழைய கட்களை எக்ஸுக்குக் கொண்டுவர ஒரு வழி பிறந்தது.

திறந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். திறந்தது சரியாகத் திறந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய வெர்ஷனில் எடுத்த மாஸ்டரை புது டைம்லைனில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, பிளெண்ட் மோடை டிஃபரன்ஸ் என்று மாற்றுங்கள். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றாக இருந்தால் ஸ்கிரீன் முழுக் கறுப்பாகிவிடும். எங்காவது ஒரு ஃப்ரேம் தள்ளியிருந்தால் ஆட்களின் ஓரம் மட்டும் வெளிச்சக் கோடாகத் தெரியும். சைஸ் மாறியிருந்தால் படம் முழுக்க இரட்டை ஓரம் வரும். கலர் மாறியிருந்தால் மங்கலாக மொத்த உருவமும் தெரியும். ஸ்பீடு ராம்ப் வரும் இடத்தில் கோடு துடிக்க ஆரம்பித்தால் அது ராம்ப்பை வேறு மாதிரி கணக்குப் போடுகிறது என்று அர்த்தம். மூன்று நிமிஷ வேலையை இப்படி ஒருமுறை ஓடவிட்டால், பத்து ரிவியூ வீடியோ பார்த்தாலும் கிடைக்காத தகவல் கிடைக்கும்.

ஆடியோவுக்கு, முதல் ஃப்ரேமுக்குச் சரியாக இரண்டு செகண்ட் முன்னால் ஒரு ஃப்ரேம் நீள பீப் ஒன்றை வையுங்கள். ஏஏஎஃப் எடுத்து உங்கள் மிக்ஸருக்கு அனுப்பி, பீப் அதே இடத்தில் விழுகிறதா, டிராக்குகள் பெயரோடு வருகிறதா, ஹேண்டில் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். அவரிடம்தான் கேட்க வேண்டும், உங்கள் மெஷினில் நீங்களே திறந்து பார்த்து 'வருது' என்று முடிவு கட்டாதீர்கள். கலர் வெளியே போகிறதென்றால் கலரிஸ்ட்டிடமும் இதே பாடு. ஸ்டூடியோவில் மூன்று நான்கு பேர் ஒரே ஸ்டோரேஜைப் பகிர்கிறீர்கள் என்றால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே புராஜெக்ட்டைத் திறந்து என்ன ஆகிறது என்று வேண்டுமென்றே பாருங்கள். வெளி மானிட்டர் கார்டுக்குப் புது டிரைவர் வந்திருக்கிறதா என்பதையும். வராவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

தமிழ் டைட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், வெளிநாட்டு ரிவியூவில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். 'கொடுமை', 'பௌர்ணமி', 'ஸ்ரீ' மூன்றையும் அடித்துப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளிவட்டம் தெரிந்தாலோ அந்த டைட்டில் கருவி தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாமல் விழிக்கிறது. பிரீமியரின் பல வெர்ஷன்களில் பிரிஃபரன்சஸ், கிராஃபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றினால் சரியாகிவிடும். பழைய புராஜெக்ட்களில் பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த டைட்டில் இருந்தால் இன்னொரு தலைவலி. புது மெஷினில் அந்த எழுத்துரு இல்லையென்றால் தமிழ் வரி முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துரு ஃபைலையும், டைட்டில் வரிகளை யூனிகோடுக்கு மாற்றிய ஒரு டெக்ஸ்ட் ஃபைலையும் சேர்த்தே பத்திரப்படுத்துங்கள்.

புது முறையைக் கற்றுக்கொள்வது

சோதனையில் தேறிவிட்டது, சரி, இனிப் பழக வேண்டும். இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: பழைய ஷார்ட்கட்டையே கொண்டுபோவதா, புதிதாகக் கற்பதா? அடிப்படை முறை ஒன்றாக இருந்து பட்டன் மட்டும் இடம் மாறியிருந்தால் பழைய கீபோர்டையே வைத்துக்கொள்ளலாம். பிரீமியரில் ஃபைனல் கட் 7 கீபோர்டு லேஅவுட் ஏற்கெனவே இருந்தது, அன்று தாவியவர்களுக்கு அது பெரிய உதவி. ரிசால்விலும் பிரீமியர், அவிட், ஃபைனல் கட் லேஅவுட்கள் இருக்கின்றன. ஆனால் முறையே மாறியிருந்தால் பழைய கீ வைத்துக்கொள்வது கெடுதல்தான். விரல் பழைய இடத்துக்குப் போகும், டைம்லைன் வேறொன்றைச் செய்யும்.

மேக்னெட்டிக் டைம்லைன் அப்படிப்பட்டது. நடுவில் ஓடும் முதன்மை வரிசையை ரயில் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியைக் கழற்றினால் பின்னால் இருப்பவை முன்னால் வந்து கோத்துக்கொள்ளும், காலி இடம் விடாது. மேலும் கீழும் ஒட்டியிருக்கும் பி-ரோல் (துணைக் காட்சிகள்), எஃபெக்ட்ஸ் எல்லாம் எந்த கிளிப்போடு கனெக்ட் ஆகியிருக்கிறதோ அதோடு சேர்ந்து நகரும். பழைய ஆட்கள் திணறியது இங்கேதான். பாட்டுக்கு எடிட் செய்யும்போது எல்லாம் பீட்டில் நிற்க வேண்டும், ஒன்றை எடுத்தால் பின்னால் எதுவும் நகரக்கூடாது. அதற்குப் பொசிஷன் டூல் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு நகர்த்தினால் பழைய டைம்லைன் போலவே காலி இடத்தை விட்டுவிட்டு நகரும். இன்னொரு வழி, பாட்டையே முதன்மை வரிசையில் வைத்து, ஷாட்களை அதன் மேலே கனெக்ட் செய்வது. மியூசிக் வீடியோ ஆட்கள் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள், எனக்கும் இதுதான் பிடித்தமானது.

டிராக்குக்குப் பதில் ரோல். வசனம், இசை, எஃபெக்ட்ஸ் என்று கிளிப்புக்கே அடையாளம் ஒட்டிவிடுவது. இம்போர்ட் செய்யும்போதே ஒட்டிவிடுங்கள், கடைசியில் முந்நூறு கிளிப்பை உட்கார்ந்து பிரிப்பது நரகம். 2011 செப்டம்பரில் வந்த 10.0.1இலேயே ரோல் வந்துவிட்டது, ஆனால் அது டைம்லைனில் தனித்தனி வரிசையாகக் கண்ணுக்குத் தெரிந்தது 2016 அக்டோபரில் வந்த 10.3இல்தான்.

முதல் இரண்டு மூன்று வேலைகளுக்கு டெட்லைன் இல்லாததை எடுங்கள். சொந்த வீட்டு வீடியோ, நண்பரின் குறும்படம், எதுவானாலும். ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நடுவில் புது வெர்ஷனுக்கு மாற்றவே மாற்றாதீர்கள். டைரக்டரே வந்து கேட்டாலும் சரி.

இருப்பதா, காத்திருப்பதா, தாவுவதா

2011இல் போட்டிக் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. அடோபி, ஃபைனல் கட் பயனர்களுக்குப் பாதி விலை என்றது. அவிட் தன் எடிட்டிங் சாஃப்ட்வேரான மீடியா கம்போசரை 995 டாலருக்குத் தந்தது. தாவினவர்கள் நிறைய. அவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை, பிரீமியருக்கு அது பெரிய வேட்டை. ஆனால் தள்ளுபடி வந்தது என்பதற்காக மட்டும் தாவுவது முட்டாள்தனம். தாவினாலும் மேலே சொன்ன சோதனை முழுவதையும் அங்கேயும் செய்தாக வேண்டும், புது ஊரிலும் அதே செலவு.

காத்திருக்கலாமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். எக்ஸ் விஷயத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஆப்பிள் ஒரு கேள்வி-பதில் பக்கம் போட்டு, மல்டிகேம் வரும், எக்ஸ்எம்எல் வரும் என்றது. எக்ஸ்எம்எல் மூன்று மாதத்தில் வந்தது. மல்டிகேமும் பிராட்காஸ்ட் மானிட்டரும் 2012 ஜனவரி 31 அன்று, ஏழு மாதம் கழித்து, மானிட்டர் மட்டும் அப்போதும் பீட்டாவாகத்தான். ஒரு கிளிப்பில் போட்ட இன், அவுட் குறி வேறு கிளிப்புக்குப் போய்வந்தாலும் அழியாமல் நிற்பதற்கு 2012 அக்டோபர்வரை ஆனது. பழைய புராஜெக்ட்டை நேரடியாகத் திறப்பது வரவேயில்லை, வராது என்று அவர்களே முதலிலேயே சொல்லிவிட்டார்கள். எனவே கம்பெனி சொல்வதில் 'அடுத்த அப்டேட்டில்' என்பதையும் 'பரிசீலிக்கிறோம்' என்பதையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி சொன்னால் அதை இரண்டால் பெருக்குங்கள். அந்தக் காலம்வரை பழைய வெர்ஷனில் ஓட்ட முடியுமா? முடியும் என்றால் காத்திருங்கள். முடியாதென்றால், உங்களுக்குத் தேவையான அந்த ஒன்று இல்லாத சாஃப்ட்வேர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களுக்கு இல்லை.

டேப்பின் காலம் முடிகிறது என்று ஆப்பிள் வைத்த கணக்கு ஒருவகையில் சரியாகவே போனது. 2011 மார்ச்சில் ஜப்பான் நிலநடுக்கத்தில் செண்டாய் பக்கம் இருந்த சோனியின் டேப் தொழிற்சாலை முடங்கி, மாஸ்டர் கொடுக்கப் பயன்பட்ட ஹெச்டிகேம் எஸ்ஆர் டேப்புக்குத் தட்டுப்பாடு வந்தது, சேனல்கள் ஃபைலுக்கு மாறும் வேகம் கூடியது. ஆனாலும் ஜூனில் டேப்பில்தான் மாஸ்டர் கொடுக்க வேண்டியிருந்த எடிட்டருக்கு 'டேப் சீக்கிரம் செத்துவிடும்' என்பது பதிலாகாது. அவருக்கு வெள்ளிக்கிழமை டெலிவரி.

பிற்பாடு எக்ஸ் நல்ல சாஃப்ட்வேராகவே வளர்ந்தது. வில் ஸ்மித் நடித்து 2015இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தை அதில்தான் எடிட் செய்தார்கள். 2017இல் இருபது லட்சம் பயனர்கள் என்று ஆப்பிள் அறிவித்தது. அப்படியிருந்தும் 2022 ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்ட சினிமா, டிவி ஆட்கள் ஆப்பிள் தலைமை அதிகாரி டிம் குக்குக்குத் திறந்த மடல் எழுதி, எங்கள் துறைக்கு இன்னும் ஆதரவு கொடுங்கள், சேர்ந்து வேலைசெய்யும் வசதி கொடுங்கள் என்று கேட்டார்கள். கோபித்துக்கொண்டு போனவர்கள் எழுதியது அல்ல அது, பதினொரு வருஷம் கழித்தும் கூடவே இருந்தவர்கள் எழுதியது. இதற்கு நேரெதிராக, ரிசால்வ் 2019இல் வேகமான எடிட்டுக்கு என்று கட் பேஜைக் கொண்டுவந்தபோது பழைய எடிட் பேஜைத் தொடவே இல்லை. பிடித்தவர்கள் புதியதில் போனார்கள், பிடிக்காதவர்கள் அந்தப் பட்டனையே மறைத்துவைத்தார்கள், ஊரில் ஒரு சண்டையும் இல்லை.

பழைய மெஷினை எப்போது மூடுவது

ஃபைனல் கட் 7 விற்பனை 2011இல் நின்றாலும் எத்தனையோ எடிட் அறைகளில் அது வருஷக்கணக்காக ஓடியது. 2017இல் மேக்ஓஎஸ் ஹை சியரா வந்ததும்தான் அது திறக்காமல் போனது. அதாவது சாஃப்ட்வேரைக் கடைசியில் மூடியது ஓஎஸ் அப்டேட்தான். எனவே பழைய வெர்ஷனுக்கென்று ஒரு மெஷினை ஒதுக்கினால் அதன் ஓஎஸ்ஸை அப்படியே நிறுத்திவிடுங்கள், இணையத்தையும் துண்டித்துவிடுங்கள். சந்தா முறை சாஃப்ட்வேர் என்றால் அவ்வப்போது லைசென்ஸ் சரிபார்க்க இணையம் கேட்கும், அப்போது மட்டும் இணைத்துவிட்டு எடுங்கள். மெஷின் செட்டானதும் டிஸ்க் முழுவதையும் ஒரு இமேஜ் எடுத்து வேறு டிரைவில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆன் செய்து, ஏதாவது ஒரு பழைய புராஜெக்ட்டைத் திறந்து, பத்து செகண்ட் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள், ஆன் ஆகிறது என்பது மட்டும் போதாது. வாடிக்கையாளருக்குத் திருத்தம் செய்து தருவதாக எத்தனை மாதம் வாக்குக் கொடுத்திருக்கிறீர்களோ, பில்லைப் புரட்டிப் பார்த்து அதில் கடைசி ஆளின் தவணை முடிந்தபிறகு அந்த மெஷினை விற்கலாம்.